யார் காதுக்கும் போகாது

மருந்துக் கிடங்கில் அவளை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியவள் இல்லை. மற்றவர்களைப் போல அவளும் பேக்கிங் மேஜையில் நின்று, ஆஸ்பத்திரிகளுக்குப் போகவேண்டிய மருந்தை அட்டைப்பெட்டியில் அடுக்கி, டேப் ஒட்டி, உருளைப் பாதையில் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தவள்தான். வாயாடி. அந்த வாய்க்காகவே, புதிதாக வருகிறவர்களுக்கு வேலை சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை ஒருநாள் அவள் தலையில் கட்டிவிட்டார்கள். கிண்டலுக்கு ஒட்டின பெயர். நாளாவட்டத்தில் கிண்டல் உதிர்ந்துபோய்ப் பெயர் மட்டும் நின்றுவிட்டது. வீட்டில் கணவன்கூடக் கோபம் வந்தால், "சரிங்க டீச்சர்" என்பான்.

அவளுக்கு முன்னால் அந்தக் கிடங்கில் பயிற்சி என்றால் தூக்கம் என்று பொருள். ஜன்னல் இல்லாத ஓர் அறை. பக்கத்திலேயே, சரக்கைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளுக்கு பேட்டரி சார்ஜ் ஏற்றும் இடம். அதன் ரீங்காரம் சுவர் வழியாக வந்துகொண்டே இருக்கும். வெளியிலிருந்து டை கட்டிய ஒருவர் வருவார். திரையில் தெரிவதை வரி விடாமல் வாசிப்பார். வாசிக்கத் தெரியாதவர்களா அங்கே உட்கார்ந்திருந்தார்கள்? முன்வரிசைக்காரர்கள் கண்ணைத் திறந்துகொண்டும் பின்வரிசைக்காரர்கள் மூடிக்கொண்டும் தூங்குவார்கள். முடிவில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய், காலையில் செய்த அதே தப்பை மத்தியானமும் செய்வார்கள்.

டீச்சரும் முதல் சில வாரங்கள் அப்படித்தான் வாசித்தாள். ஒருநாள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் பின்வரிசையில் குறட்டையே விட்டுவிட, அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, தான் பண்ணின கூத்து ஒன்றைச் சொன்னாள். பேக்கிங்கில் இருந்தபோது தன் போனையே பெட்டிக்குள் வைத்து ஒட்டி அனுப்பிவிட்டாள். போனைக் காணோம் என்று பக்கத்து மேஜைக்காரியின் போனிலிருந்து விடாமல் அடித்துக்கொண்டே இருந்தாள். அங்கே ஓடுகிற லாரிக்குள் பெட்டி பாட்டுப் பாடியிருக்கிறது. லாரிக்காரர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கி ஓடியே போய்விட்டாராம். அறை குலுங்கிச் சிரித்தது. குறட்டை விட்டவர் எழுந்து, இதென்ன பிரமாதம், நான் பண்ணினதைக் கேளுங்கள் என்று ஆரம்பித்தார்.

அங்கே தொடங்கியதுதான் தப்பு நேரம். வாரம் ஒருமுறை, மேற்பார்வையாளர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்துவாள். இந்த வாரம் யார் என்ன சொதப்பினீர்கள் என்று கேட்பாள். அவரவர் சொல்வார்கள். எது பெரிய தப்போ அதற்குப் பெரிய கைதட்டல். ஒரே நிறத்தில் இரண்டு சிரப் டப்பாக்கள் வருவதால் கை மாறிப்போவது, ஸ்கேனர் 'பீப்' என்று கத்தியதுமே எது என்று பார்க்காமல் தூக்கிப் போட்டுவிடுவது, எல்லாம் இப்படித்தான் வெளியே வந்தன. வந்ததும், அதை எப்படித் தவிர்ப்பது என்று அவர்களே சண்டை போட்டு முடிவு செய்வார்கள். அந்த அறையில் சொன்னது அந்த அறையோடு போச்சு. அது ஒன்றுதான் சட்டம், அதை யாரும் மீறியதில்லை.

இப்படி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த இடத்தில்தான் செயலி வந்து இறங்கியது. நுழைவாயிலில் பெரிய பதாகை கட்டினார்கள்: 'பயிற்சியின் எதிர்காலம் இனி உங்கள் கையில்'. எல்லோர் போனிலும் அதை ஏற்றினார்கள். குட்டிக் குட்டி வீடியோ பார்க்க வேண்டும், கேள்விக்குப் பதில் சொன்னால் நட்சத்திரம் விழும். வளர்ந்த மனிதர்களுக்கு நட்சத்திரம்! ஜனங்கள் சும்மா இருப்பார்களா? வீடியோவை ஓடவிட்டு போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுத் தூங்கினார்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் எல்லாத் தேர்விலும் முழு மதிப்பெண் வாங்கினார். விசாரித்தால், எழுதியது அவருடைய மனைவி. அந்த அம்மாவுக்குத் தீயணைப்புக் கருவி பிடிப்பது முதல் வண்டியைப் பின்னால் எடுப்பதுவரை எல்லாம் மனப்பாடம். கிடங்கு எந்தத் திசையில் இருக்கிறது என்பதுதான் தெரியாது.

செயலியோடு கூடவே பயிற்சித் துறைக்குப் புது மேலாளர் ஒருவரும் வந்திருந்தார். சின்ன வயது, சிரித்த முகம், மேலே இருக்கிறோம் என்ற மிதப்பு கிடையாது. டீச்சரை அக்கா என்பார். அவளும் நாலு பேர் முன்னால் சார், தனியாக இருக்கும்போது தம்பி என்று வைத்துக்கொண்டாள். அவள் கணவன் மாடிப்படியில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டபோது, தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், மாவுக்கட்டுப் போட்டு முடிக்கும்வரை கூடவே உட்கார்ந்திருந்தவர் அவர். வீட்டுக்கு வந்து சமையலறைத் தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போனவர். கூடப் பிறந்தவன்கூட இவ்வளவு செய்யமாட்டான் என்று அவள் அப்போது சொன்னது உண்மைதான். அதை நினைத்துப் பின்னால் அவளுக்குத் தன் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

தம்பி ஒருநாள் தப்பு நேரத்தில் வந்து உட்கார அனுமதி கேட்டார். டீச்சர் எல்லோரிடமும் கேட்டுவிட்டு உள்ளே விட்டாள். அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எல்லோரும் போனபிறகு, தலைமை அலுவலகத்தில் தன்னைக் காய்ச்சி எடுக்கிறார்கள் என்றார். செயலியை யாரும் மனசு வைத்துப் பார்ப்பதில்லை, ஆட்களுக்கு அதில் ஈடுபாடே இல்லை என்று குறைப்படுகிறார்களாம். இங்கே இந்த அறையில் இருக்கிற ஈடுபாட்டை அப்படியே போனுக்குள் கொண்டுவந்துவிட்டால் எப்படி இருக்கும் என்றார்.

அவள் உடனே தலையாட்டிவிடவில்லை. அதைச் சொல்லியே ஆகவேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு பேசுவது வேறு, போனில் பேசுவது வேறு என்று அவளுக்குத் தெரியும்.

"ரூமுக்குள்ள சொன்னா காத்தோட போயிடும் தம்பி. போன்ல சொன்னா அது எங்க போய் உக்காரும்னு யாருக்குத் தெரியும்?"

"நீங்க கேப்பீங்க, நான் கேப்பேன். அதுக்கு மேல யார் காதுக்கும் போகாதுக்கா. என்ன நம்புங்க."

அவள் நம்பினாள். நம்பாமல் இருக்க அவளுக்கு அன்றைக்கு ஒரு காரணமும் இல்லை.

ஏற்பாடு இப்படி: அவரவர் தன் தப்பைத் தன் குரலிலேயே பேசிப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். டீச்சர் எல்லாவற்றையும் கேட்டு, வாரத்துக்கு ஒன்றை எடுத்து, பேர் ஊர் இல்லாமல் ஒரு குட்டிக் கதையாகச் சொல்லி வீடியோ போடுவாள். முதல் வீடியோவில், என்ன பேச வேண்டும் என்று தம்பி எழுதிக் கொடுத்திருந்தார். அதையும், மாதிரிக்குத் தன் போன் கதையையும் பேசி முடித்துவிட்டு, எழுதிக் கொடுக்காத ஒன்றையும் அவளாகச் சேர்த்துச் சொன்னாள்: "இங்க சொல்றது யார் காதுக்கும் போகாது. நான் பொறுப்பு."

சும்மா சொல்லக்கூடாது, பிய்த்துக்கொண்டு போனது. இந்த வாரம் டீச்சர் சொன்ன கதை யாருடையது என்று கண்டுபிடிப்பதே சாப்பாட்டு அறையில் பெரிய விளையாட்டாகிவிட்டது. தன் தப்பு தேர்வாகவில்லை என்று கோபித்துக்கொண்டவர்கள்கூட உண்டு. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் மனைவியிடமிருந்து போனைப் பிடுங்கிவிட்டார். பேருந்தில், கழிப்பறை வாசலில், தேநீர் இயந்திரத்துக்கு முன்னால், எங்கே பார்த்தாலும் டீச்சர் குரல் கேட்டது. உடைந்த சரக்கும் மாறிப்போன சரக்கும் கண்கூடாகக் குறைந்தன. தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்து அவளோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படத்தைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார்கள். இந்தக் கிடங்கில்தான் பயிற்சியின் எதிர்காலத்தைக் கண்டோம் என்று ஒரு பெரிய மனிதர் பேசினார். டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தக் கிடங்கில் ஒரே ஓர் ஆள் மட்டும் எதையும் பதிவு செய்யாமலே இருந்தாள். அவள் டீச்சரின் நாத்தனார்.

கணவனின் தங்கை. கட்டிக்கொடுத்த இடம் சரியில்லாமல் அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்தவள். வந்த புதிதில் அறையைவிட்டு வெளியே வராமல் கிடந்தவளை, டீச்சர்தான் கையைப் பிடித்து இழுத்துவந்து கிடங்கில் சேர்த்துவிட்டாள். குளிர் அறையில் வேலை. ஜனங்களோடு பழகத் தேவையில்லை என்பதாலேயே அவளுக்கு அது பிடித்திருந்தது. கேட்ட கேள்விக்கு மேல் ஒரு வார்த்தை கொடுக்கமாட்டாள். ஆனால் அண்ணியிடம் மட்டும் பேசுவாள். வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போதும் துணி மடிக்கும்போதும் அன்றைய கதையெல்லாம் கொட்டுவாள். அண்ணனே பொறாமைப்படுவான்: "எனக்குன்னா நாலு வார்த்த, அண்ணிக்குன்னா நாவலா?"

உங்கள் வீட்டு ஆளே எதுவும் போடவில்லையே அக்கா என்று தம்பி சிரித்துக்கொண்டே கேட்டார். ஒருமுறை கேட்டார், இன்னொரு முறை கேட்டார். டீச்சருக்கு அது கொஞ்சம் மானப் பிரச்சினையாகிவிட்டது. ஊரையே பேசவைத்தவளுக்குத் தன் வீட்டில் ஒருத்தியைப் பேசவைக்க முடியவில்லை என்றால் என்ன அர்த்தம்?

ஒரு சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, நாத்தனார் தானாகவே ஒன்றைச் சொன்னாள். குளிரிலேயே இருக்கவேண்டிய ஊசி மருந்துகளை, ஐஸ் பேக் வைத்த பெட்டியில் போட்டு அனுப்புவார்கள். ஐஸ் பேக்கை உறைபெட்டியிலிருந்து எடுத்த கையோடு வைத்துவிடக் கூடாது. கொஞ்ச நேரம் வெளியே போட்டு, காதுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்கிற பதத்துக்கு வந்தபிறகுதான் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மருந்தும் உறைந்து வீணாகிவிடும். ஒருநாள் அவசரத்தில் அவள் குலுக்கிப் பார்க்காமலே வைத்து ஒட்டிவிட்டாள். பெட்டிகள் ஏற்றுமிடத்துக்குப் போனபிறகுதான் உறைத்தது. ஓடிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து பிரித்துப் பார்த்தாள். ஒரு பெட்டியில் மருந்து கெட்டிருந்தது. அதை, வரும்போதே கெட்டுப்போய் வந்த சரக்குக்கான அலமாரியில் அதுபோலவே வைத்துவிட்டு, வேறு மருந்து வைத்து அனுப்பிவிட்டாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து அது அவள் நெஞ்சுக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்திருக்கிறது.

டீச்சர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. இதைப் பதிவு பண்ணு, குளிர் அறையில் இருக்கிற எல்லோருக்கும் உபயோகமாக இருக்கும் என்றாள். நாத்தனார் வேண்டாம் என்றாள். டீச்சர் விடவில்லை. உனக்கும் பாரம் இறங்கும் என்றாள். அதுவும் உண்மைதான். கடைசியில் சமையலறையில் உட்காரவைத்து, டீச்சரே போனைப் பிடித்துக்கொண்டாள். திக்கித் திணறி, நடுவில் இரண்டுமுறை நிறுத்தி, நாத்தனார் முழுவதையும் சொல்லி முடித்தாள். முடித்துவிட்டு அண்ணியின் தோளில் சாய்ந்து அழுதாள். அந்த வாரக் கதை அதுதான். குளிர் அறையில் ஐஸ் பேக் பதமாகிறவரை காத்திருப்பதற்கென்று தனியாக ஒரு மேஜை போட்டார்கள், அதைக் குலுக்கிப் பார்க்காமல் எடுக்கக் கூடாது என்று வழக்கமாக்கினார்கள். டீச்சருக்கு அதில் இருந்த பெருமை மற்ற எதிலும் இல்லை.

பிறகு தானாகவே பெட்டி மடித்து, தானாகவே ஒட்டும் இயந்திரம் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டது. இயந்திரம் வந்தால் ஆட்களைக் குறைப்பார்கள். யாரைக் குறைப்பார்கள் என்பதுதான் சாப்பாட்டு அறையில் ஓயாத பேச்சாக இருந்தது. மனிதவள அதிகாரியம்மா டீச்சரைக் கூப்பிட்டனுப்பி, ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசப்போகிறோம், நீங்களும் கூட உட்காருங்கள், உங்களைப் பார்த்தால் அவர்களுக்குப் பதட்டம் குறையும் என்றார். டீச்சர் சந்தோஷமாகத்தான் ஒத்துக்கொண்டாள். நாலு பேருக்காக நாலு நல்ல வார்த்தை சொல்லலாம் என்று இருந்தது. நாத்தனாருக்காக என்ன சொல்ல வேண்டும் என்பதைப் பேருந்தில் வரும்போதே மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

முதலில் வந்தவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர். டீச்சரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அதிகாரியம்மா குடும்பம், உடம்பு எல்லாம் விசாரித்தார். பிறகு மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பி ஏதோ ஒன்றைத் தட்டினார். அறைக்குள் ஓட்டுநரின் குரலே ஒலித்தது. வண்டியைப் பின்னால் எடுக்கும்போது அலமாரித் தூணில் இடித்ததையும், நெளிந்த இடம் தெரியாமலிருக்க அதன்மேல் பாதுகாப்பு வாரப் போஸ்டரைக் கொண்டுபோய் ஒட்டியதையும் அவர் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பதிவில் இருந்தவர் சிரித்தார். நாற்காலியில் இருந்தவர் முகத்தில் ஈயாடவில்லை.

"டீச்சர், இது உங்ககிட்ட சொன்னதுல்ல?"

ஓட்டுநர் அவள் பக்கம் திரும்பிக் கேட்டார். தனக்குத் தெரியாது என்று சொல்லத்தான் நினைத்தாள். சொல்லியிருந்தால் யார் நம்பியிருப்பார்கள்? அதிகாரியம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் அல்லவா உட்கார்ந்திருந்தாள்! வேலையை விட்டு விலகுவதாக எழுதியிருந்த தாளில் ஓட்டுநர் கையெழுத்துப் போட்டுவிட்டு, போகும்போது வழக்கமாகச் சொல்லும் 'வரேன் டீச்சர்' இல்லாமல் போனார்.

கதவு சாத்தியதும் இது எப்படி இங்கே வந்தது என்று கேட்டாள். அதிகாரியம்மாவுக்கு அந்தக் கேள்வியே விசித்திரமாக இருந்தது.

"பயிற்சி மேலாளர்தான் மாசா மாசம் அனுப்புவாரே. ஆரம்பத்துலேருந்தே. உங்களுக்குத் தெரியாதா?"

ஆரம்பத்திலிருந்தே. சாப்பிட உட்கார்ந்தபோதும், உங்கள் வீட்டு ஆளே போடவில்லையே என்று சிரித்துக் கேட்டபோதும் அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. நடுவில் யாரோ மேலதிகாரி மிரட்டிப் பிடுங்கிக்கொண்டார், தம்பி பாவம், என்று நினைத்துக்கொள்ளக்கூட வழியில்லாமல் போய்விட்டது. டீச்சர் ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு எழுந்து, மாடிக்கு ஏறித் தம்பியின் அறைக்குள் கதவைத் தட்டாமலே நுழைந்தாள்.

அவர் எழுந்து நின்றார். உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. அப்போதும் அவர் முகத்தில் அந்தப் பிரியம் அப்படியே இருந்தது. தன் கையில் ஒன்றும் இல்லை என்றார். செயலி வாங்குவதற்கு மேலிடம் சம்மதித்ததே இந்தத் தகவலெல்லாம் கிடைக்கும் என்பதற்காகத்தான் என்றார். அதை முதலிலேயே சொல்லியிருந்தால் நீங்கள் செய்திருப்பீர்களா என்று அவளையே கேட்டார்.

"நீங்க சொன்னதத்தானே தம்பி நான் அவங்களுக்குச் சொன்னேன்? யார் காதுக்கும் போகாதுன்னு?"

"நான் உங்ககிட்டதான்க்கா சொன்னேன். வீடியோவுல எல்லாருக்கும் சொன்னது நீங்க. நான் பொறுப்புன்னு ஒரு வார்த்த, அது நான் எழுதிக் குடுக்கலையே."

நம்பவைத்துக் கழுத்தை அறுப்பது என்று ஜனங்கள் சாதாரணமாகச் சொல்கிறார்கள். அவள் கழுத்தை அறுத்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் கையில் கத்தியைக் கொடுத்து, அவள் ஜனங்களின் கழுத்தை அவளையே அறுக்கவைத்திருக்கிறான். அவர் இவர் என்பதெல்லாம் அந்த நிமிஷமே அவள் மனசிலிருந்து போய்விட்டது. ஆனாலும் அவள் திட்டவில்லை. நாத்தனாரின் முறை இன்னும் வரவில்லை. திட்டுவதற்குப் பதில் கெஞ்சினாள். அவளுக்கு இந்த வேலையை விட்டால் வெளி உலகமே கிடையாது, மறுபடி அறைக்குள் போய் முடங்கிவிடுவாள், அவளுடையதை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றாள். காலில் விழச்சொன்னால் விழுந்திருப்பாள்.

தம்பி தலையைக் குனிந்துகொண்டார். இருப்பதிலேயே மோசமானது அதுதான் என்றார். மற்றவர்கள் செய்தது கவனக்குறைவு, இது மருந்தைக் கெடுத்துவிட்டு மறைத்தது, அப்படித்தான் மேலே பார்ப்பார்கள் என்றார். அவள் கதவுப் பக்கம் திரும்பியபோது, ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு இன்னொன்றையும் சொன்னார்: "உங்க வேலைக்கு ஒண்ணும் வராதுக்கா. அத நான் பாத்துக்கிட்டேன். உங்களோடது அந்த போன் கதை மட்டும்தானே இருக்கு."

அவள் கீழே ஓடி வந்தபோது, கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நாத்தனார் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். குளிர் அறைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். எதிரே அதிகாரியம்மா, அவருக்குப் பக்கத்தில் டீச்சரின் காலி நாற்காலி. டீச்சர் உள்ளே போய் அந்த நாற்காலியை இழுத்துக்கொண்டுவந்து நாத்தனார் பக்கம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அதிகாரியம்மா மடிக்கணினியைத் தட்டினார்.

முதலில் கேட்டது நாத்தனாரின் குரல் இல்லை. டீச்சரின் குரல். போனைப் பிடித்திருந்தது அவள்தானே.

"பயப்படாம சொல்லுடி. நான் இருக்கேன்ல."

அப்புறம் ஒரு குக்கர் விசில். அப்புறம்தான் நாத்தனார் பேச ஆரம்பித்தாள், திக்கித் திணறி. வீட்டுச் சமையலறை அப்படியே அந்த அறைக்குள் வந்து இறங்கியது. டீச்சர் போதும் நிறுத்துங்கள் என்றாள். அதிகாரியம்மா நிறுத்தவில்லை, விதிப்படி முழுவதையும் கேட்கவைக்க வேண்டுமாம். பதிவில் நாத்தனார் அழத் தொடங்கியபோது, டீச்சர் அவள் கையைப் பிடிக்கப் போனாள். நாத்தனார் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நாற்காலியையும் ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொண்டாள். கேட்டு முடித்ததும், எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

அன்று அவள் அண்ணிக்காகக் காத்திருக்காமல் முந்தின பேருந்திலேயே போய்விட்டாள். டீச்சர் வீட்டுக்கு வந்தபோது அறைக்கதவு சாத்தியிருந்தது. கணவன் மனைவியை ஏறிட்டுப் பார்த்தான். நீ தெரிந்து செய்திருக்கமாட்டாய் என்றான். ஆனால் அதைச் சொன்னவிதம் பாதி கேள்வியாக இருந்தது. அவள் நடந்தது முழுவதையும் சொன்னாள், தம்பி சொன்னதையும் சொன்னாள். அவன் நம்பினான். மூடிய கதவுக்கு முன்னால் நின்றும் அதே கதையைச் சொன்னாள். உள்ளேயிருந்து, "பரவால்ல அண்ணி" என்று பதில் வந்தது. கதவு திறக்கவில்லை. அடுத்தடுத்த நாட்களில் கதவு திறந்தது, சாப்பாட்டுக்கு வந்தாள், வீட்டுவேலையில் தன் பங்கைச் செய்தாள். துணி மட்டும் தனியாக மடித்தாள். இன்றைக்கு என்ன செய்தாய் என்று டீச்சர் கேட்டால், "ஒண்ணுமில்ல அண்ணி." விரலில் சூடுபட்டுக் கொப்புளித்திருந்ததைக்கூட, அண்ணன் பார்த்துச் சொல்லித்தான் டீச்சருக்குத் தெரிந்தது.

கிடங்கில் மிச்சமிருந்தவர்களை வைத்து மறுபடி தப்பு நேரம் நடத்தச் சொன்னார்கள். நடத்தாமல் விட்டால் நிர்வாகமே தன் தப்பை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று யாரோ யோசனை சொல்லியிருந்தார்களாம். டீச்சர் போய் நின்றாள். இந்த வாரம் யார் என்ன சொதப்பினீர்கள் என்ற அந்தப் பழைய கேள்வியை எப்படியோ கேட்டும் தொலைத்தாள். பேட்டரி ரீங்காரம் மட்டும் கேட்டது. பேக்கிங்கிலிருந்து ஒருத்தி, மரியாதை குறையாமல் சொன்னாள்: "நாங்க யாரும் தப்பே பண்றதில்ல டீச்சர்." யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் கண்ணைத் திறந்துகொண்டு நேராக அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தூங்கிய காலத்தில்கூட அவள் இப்படிக் கூனிக்குறுகி நின்றதில்லை.

தம்பி அவளைக் கூப்பிட்டு, ஈடுபாடு சரசரவென்று இறங்குகிறது, எல்லோருக்கும் நம்பிக்கை வருகிற மாதிரி புதிதாக ஒரு வீடியோ பேசித் தரமுடியுமா என்று கேட்டார். நம்பிக்கை வருகிற மாதிரி! கேட்க எப்படித்தான் வாய் வந்ததோ. அவள் கழுத்தில் தொங்கிய பயிற்சியாளர் அட்டையைக் கழற்றி அவர் மேஜையில் வைத்துவிட்டு, தன்னைப் பழையபடி பேக்கிங்குக்கே அனுப்பச் சொன்னாள். இயந்திரம் இன்னும் வந்து சேரவில்லை, ஆளோ பற்றவில்லை, அதனால் உடனே அனுப்பினார்கள். பக்கத்து மேஜைக்காரி ஒருநாள் நசுங்கிய பெட்டி ஒன்றை அடுக்கின் அடியில் செருகுவதை டீச்சர் பார்த்தாள். அவளும் டீச்சர் பார்த்ததைப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் அவரவர் வேலையைத் தொடர்ந்தார்கள்.

நாத்தனார் அறைக்குள் முடங்கிவிடுவாள் என்று டீச்சர் பயந்தது நடக்கவில்லை. அவளாகவே விண்ணப்பம் போட்டு, அவளாகவே ஒருநாள் கிளம்பிப் போய், ஓர் ஆஸ்பத்திரியின் மருந்துச் சேமிப்பகத்தில் வேலை வாங்கிக்கொண்டு வந்தாள். அங்கேயும் குளிர் அறைதான். சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அண்ணனிடம் சொன்னாள். அவன் சந்தோஷத்தில் பாதிச் சாப்பாட்டில் கையை உதறிக்கொண்டு எழுந்து, மறுபடி உட்கார்ந்தான். நேர்முகத்தில் என்ன கேட்டார்கள் என்று கேட்டான்.

"வேலைல இதுவரைக்கும் என்ன தப்பு பண்ணியிருக்கீங்க, அதுலேருந்து என்ன கத்துக்கிட்டீங்கன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"தப்பே பண்ணதில்லன்னு சொன்னேன். உடனே எடுத்துக்கிட்டாங்க."

அவன் சாப்பிடுவதை நிறுத்தினான். நாத்தனார் தட்டிலிருந்து நிமிர்ந்து, கிடங்கில் கையெழுத்துப் போட்ட அந்த நாளுக்குப் பிறகு முதல்முறையாக அண்ணியின் முகத்தை நேராகப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. புது வேலையில் சேர்ந்தவர்கள் டீச்சரிடம் வந்து, செய்தது சரியா என்று கேட்பார்களே, அப்படித்தான் கேட்டாள்.

"சரிதானே அண்ணி?"

மருந்துக் கிடங்கில் அத்தனை பேரை வாய் திறந்து பேசவைத்தவள், தட்டில் இருந்ததை விரலால் ஓரமாக ஒதுக்கினாள். பிறகு, "சரிதான்" என்றாள்.